தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து மலைக்கும் கடலுக்கும் சின்ன எஸ்யூவி வாடகைக்கு எடுக்கறவங்க கேக்கற கேள்விகள்

எங்க வீட்ல சொந்தக் கார் இல்ல. நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, அம்மா, மொத்தம் அஞ்சு பேர். வருஷத்துக்கு மூணு நாலு தடவ செல்ஃப் டிரைவ் வண்டி எடுத்து ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, பாண்டிச்சேரி, ராமேஸ்வரம்னு போயிட்டு வருவோம். தர்மபுரில சொந்தக்காரங்க, கூட வேலை செய்யறவங்கன்னு யாரு வண்டி எடுக்கறதா இருந்தாலும் முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி இதே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

காம்பாக்ட் எஸ்யூவி, கிராஸ்ஓவர்னு சொல்றாங்களே, அது என்ன வண்டி?

கார் தான். பாடி கொஞ்சம் உயரம், சீட்டு உயரம், அடில இடைவெளி ஜாஸ்தி, அவ்ளோ தான். பிரெஸ்ஸா, ஃபிரான்க்ஸ், நெக்ஸான், பஞ்ச், வென்யூ, சோனெட், மேக்னைட், கைகர், எக்ஸ்டர், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் இந்த வகை. எல்லாமே 4 மீட்டருக்குள்ள அடங்கும், ஏன்னா நம்ம நாட்ல 4 மீட்டருக்குள்ள இருந்து இன்ஜினும் சின்னதா இருந்தா வரி கம்மி. அந்த 4 மீட்டர் நமக்கும் நல்லதுதான், கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் வந்தா ஒதுங்க எடம் கெடைக்கும், பாண்டிச்சேரி ஒயிட் டவுன் சந்துல பார்க்கிங் கெடைக்கும்.

ஆனா ஒண்ணு நல்லா மனசுல வச்சுக்கோங்க, பாக்க ஜீப் மாதிரி இருந்தாலும் இதுல முன் சக்கரம் மட்டும் தான் இழுக்கும். தார் ரோடு, மோசமான தார் ரோடு, கொஞ்சம் மண் ரோடு, இது வரைக்கும் தான் இதோட எல்ல. மணல்ல எறக்காதீங்க, அதப் பத்தி கீழ சொல்றேன்.

அஞ்சு பேருக்கு பத்துமா? பெரிய வண்டி எடுக்கணுமா?

ரெண்டு பேர் சின்னப் பசங்கன்னா தாராளமா பத்தும். அஞ்சும் பெரியவங்கன்னா நடுவுல உக்காந்தவங்க ஓமலூர் தாண்டறதுக்குள்ள நெளிய ஆரம்பிச்சுடுவாங்க. டிக்கில பிரெஸ்ஸாவுக்கு 328 லிட்டர், நெக்ஸானுக்கு 382, ஃபிரான்க்ஸுக்கு 308, அதாவது ரெண்டு பெரிய பெட்டி, ரெண்டு தோள் பை. மேல கேரியர்ல கட்டிக்கலாம்னு கணக்கு போடாதீங்க, வாடகை வண்டில பெரும்பாலும் விட மாட்டாங்க, மலைல மேல எடை ஏறினா வளைவுல வண்டி சாயறது நல்லா தெரியும். மூட்டு வலி இருக்கற அம்மா அப்பாவுக்கு இந்த உயரம் ரொம்ப சௌகரியம், குனிஞ்சு எறங்கி ஏற வேண்டியதில்ல. எங்கம்மா சாதாரண காருக்கும் இதுக்கும் இந்த ஒரு வித்தியாசத்த தான் சொல்வாங்க.

தெரிஞ்ச பையன் வண்டி இருக்கு, நாளுக்கு 1500க்கு தரேங்கறான். வாங்கிக்கலாமா?

வேணாங்க. இத மட்டும் நான் யார் கேட்டாலும் கெஞ்சியே சொல்லுவேன். வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்துன்னா அது ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கு மட்டும். அத காசுக்கு விடறது சட்டப்படி தப்பு. மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்துன்னா டிரைவரோட வர்ற டாக்சி. நாமளே ஓட்டற வாடகை வண்டிக்கு கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும், 1989ல வந்த ரென்ட் எ கேப் திட்டத்துல லைசென்ஸ் வாங்கினவங்க தான் அத விட முடியும்.

அந்தப் பையன் நல்லவனாவே இருக்கட்டும். தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி பின்னால இருந்து வந்து இடிச்சா என்ன ஆவும்? ஓன் போர்டு இன்சூரன்ஸ்ல வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு தெளிவா போட்டிருக்கும், கிளெய்ம் நிக்காது. வண்டிக்காரனுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம், நட்பும் போச்சு. இந்தப் பையன் கேக்கற 1500க்கும் லைசென்ஸ் உள்ளவங்க வாங்கற 2800க்கும் நடுவுல இருக்கற அந்த 1300 ரூபா தான் நம்ம குடும்பத்துக்கான பாதுகாப்புன்னு நான் நெனச்சுக்குவேன்.

வண்டி எங்க எடுக்கறது? ஊர்லயேவா, ஓசூர், பெங்களூருலயா?

பெங்களூருல வண்டி ஜாஸ்தி, வாடகையும் சில நேரம் கம்மி. ஆனா கிருஷ்ணகிரில இருந்து 90 கிலோமீட்டர் போய் எடுத்து, திரும்ப 90 கிலோமீட்டர் போய் விடணும், சில்க் போர்டு டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் போயிடும், அந்த கிலோமீட்டரும் நம்ம லிமிட்ல தான் கழியும். அதோட அங்க கெடைக்கறது கேஏ நம்பர் வண்டி. ஆல் இந்தியா பர்மிட் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா தமிழ்நாட்டுக்கு வரி கட்டின ரசீது கேளுங்க. பாண்டிச்சேரி போறவங்க இன்னொரு தடவ கேக்கணும், அது வேற யூனியன் பிரதேசம். டிஎன் வண்டி எடுத்து பந்திப்பூர், மைசூர் போறவங்களுக்கும் இதே தான். செக் போஸ்ட்ல பசங்கள வச்சுட்டு நிக்கறப்ப ஓனருக்கு போன் போட்டா எடுக்க மாட்டார், முன்னாடியே வாட்ஸ்அப்ல பர்மிட் போட்டோ வாங்கி வச்சுடுங்க. ஊர்லயே, இல்ல சேலத்துல, ஓசூர்ல நல்ல வண்டி கெடச்சா நான் 300, 400 கூட குடுத்து அதையே எடுப்பேன்.

என்னென்ன காகிதம் வேணும்?

லைசென்ஸ், ஆதார், டெபாசிட். பெரும்பாலும் 21 வயசு முடிஞ்சிருக்கணும், லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாச்சும் ஆயிருக்கணும்னு கேப்பாங்க. டிஜிலாக்கர்ல இருக்கற லைசென்ஸ் செல்லும். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டறதா இருந்தா ரெண்டு பேர் லைசென்ஸும் முன்னாடியே குடுத்துடுங்க, பேர் இல்லாதவங்க ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ்ல வம்பு.

கிலோமீட்டர் லிமிட், இன்சூரன்ஸ் இதுல எல்லாம் என்ன பாக்கணும்?

நான் கடைசியா எடுத்தது நாளுக்கு 2800, 300 கிலோமீட்டர் வரைக்கும், மேல போனா கிலோமீட்டருக்கு 10 ரூபா. கிருஷ்ணகிரில இருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியா பாண்டிச்சேரி சுமார் 210 கிலோமீட்டர், போக வர 420, ஊர் சுத்தறது 100னு வச்சாலும் மூணு நாள் லிமிட் 900ல பாதிக்கு கொஞ்சம் மேல தான் வரும். ராமேஸ்வரம் அப்படி இல்ல, தர்மபுரில இருந்து ஒரு வழியே 470க்கு பக்கம். அதுக்கு லிமிட் இல்லாத பிளான் கேளுங்க.

இன்சூரன்ஸ்ல "ஃபுல் கவர்"னு வாயால சொல்வாங்க. டயர், அலாய் (சக்கரத்தோட உலோக வளையம்), அடிப்பகுதி, கண்ணாடி, தண்ணில போயி இன்ஜின் போனது, இந்த அஞ்சும் கவர் ஆகுமான்னு தனித்தனியா கேளுங்க, பெரும்பாலும் இந்த அஞ்சு தான் ஆகாது. மலைக்கும் கடலுக்கும் போறவங்களுக்கு அடிபடறதும் இதே அஞ்சு தான். இடிச்சா நம்ம கைல இருந்து அதிகபட்சம் எவ்ளோ கட்டணும்ங்கற தொகைய எழுத்துல வாங்கிக்கோங்க.

தண்ணி விஷயம் சும்மா சொல்லல. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைல ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரமா நிறுத்தியிருந்த காரும் வேனும் வெள்ளத்துல உருண்டு போனத நாடே பாத்துச்சு. நாம பாண்டிச்சேரிக்கு போற ரோடு அதே ரோடு தாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கடல் பக்கம் போறவங்க வானிலை பாக்காம வண்டி புக் பண்ணாதீங்க. தண்ணி தேங்கின எடத்துல வண்டி நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தா அந்த ஒரு செல்ஃப்ல கனெக்டிங் ராடு வளஞ்சுடும். எறங்கி தள்ளிடுங்க.

வண்டி எடுக்கும்போது என்ன பாக்கணும்?

ஒரு தடவ ஒரு எடத்துல காலைல அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தோம், இருட்டு, பசங்க தூக்கக் கலக்கம், சீக்கிரம் கெளம்பணும்னு நாலு போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன். திரும்ப விடும்போது இடது பின் அலாய்ல கீறல்னு சொல்லி 8000 டெபாசிட்ல 6500 புடிச்சுட்டாங்க. அந்தக் கீறல்ல கறுப்பா பழைய பிரேக் தூசி அடைஞ்சு கெடந்துச்சு, விரல்ல தேச்சா கூட போகல, அது ரொம்ப நாள் கீறல்னு பாத்தாலே தெரியும். ஆனா எங்கிட்ட அந்த சக்கரத்தோட போட்டோ இல்ல. அந்த 6500க்கு எங்க வீட்ல ரெண்டு மாசம் பேச்சு நின்னபாடில்ல.

அதுக்கப்பறம் நான் பண்றது இது. வெளிச்சத்துல தான் வண்டி வாங்குவேன், இல்லன்னா செல்போன் டார்ச் போட்டு வீடியோ. நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு நிறுத்தாம ஒரே வீடியோ, நாலு சக்கரமும் கிட்டக்க, முன் பம்பருக்கு கீழ போன நீட்டி அடிப்பகுதி, கண்ணாடி, டிக்கி, ஸ்டெப்னி, ஜாக்கி, கடைசில மீட்டர்ல கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும். எடுத்த ஒடனே அவங்க வாட்ஸ்அப்புக்கே அனுப்பிடுவேன், தேதி நேரம் அதுலயே பதிவாயிடும்.

டயர்ல பட்டன் (ரோட்ல பதியற ரப்பர் கட்டை) தேஞ்சிருக்கான்னு பாருங்க, மலைக்கு போறவங்க இதுல இரக்கமே காட்டக் கூடாது. பிரேக்க நின்ன எடத்துலயே நல்லா அழுத்தி புடிங்க, பெடல் மெதுவா கீழ எறங்கினா அந்த வண்டி வேணாம். ஹேண்ட் பிரேக்க சின்ன ஏத்தத்துல போட்டு பாருங்க. வைப்பர் நல்லா இருக்கா, அதுக்கு தண்ணி வருதா. ஏசிய நான் கடைசியா தான் பாப்பேன்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? டர்போ வேணுமா?

மேனுவல் நல்லா பழக்கம்னா அதுவே போதும், மலைல நம்ம கைல கட்டுப்பாடு இருக்கும். 1.2 சாதா பெட்ரோல்ல அஞ்சு பேர், லக்கேஜ், ஏசி போட்டு கொல்லிமலை ஏறும்போது ரெண்டாவது கியர்ல தெணறும், சில வளைவுல ஒண்ணுக்கு வரணும். ஏறிடும், பொறுமை வேணும், அவ்ளோ தான். 1.0 டர்போவோ டீசலோ கெடச்சா அந்தத் தெணறல் இருக்காது.

ஆட்டோமேட்டிக்ல பல வகை இருக்கு. பஞ்ச், எக்ஸ்டர், ஃபிரான்க்ஸ் 1.2 இதுல எல்லாம் ஏஎம்டி, அதாவது உள்ள மேனுவல் கியர் தான், கிளட்ச்ச மிஷின் புடிக்குது. வளைவுல மெதுவாகி மறுபடி ஏத்தும்போது ஒரு நொடி யோசிக்கும், அந்த நொடில பின்னால உருளவும் செய்யும். ஆக்ஸிலரேட்டர்லயே வண்டிய ஏத்தத்துல நிறுத்தி வைக்காதீங்க, கிளட்ச் கருகிடும், பிரேக் புடிச்சு நில்லுங்க. மேக்னைட், கைகர் டர்போல வர்ற சிவிடியும், பிரெஸ்ஸாலயும் ஃபிரான்க்ஸ் டர்போலயும் வர்ற சாதா ஆட்டோமேட்டிக்கும் மலைல வழுக்கிட்டு போகும். எது எடுத்தாலும் எறக்கத்துல கியர கீழ வச்சுக்க மேனுவல் மோடோ 'எல்' மோடோ எங்க இருக்குன்னு வண்டிக்காரர்கிட்டயே காட்டச் சொல்லி போட்டு பாத்துட்டு கெளம்புங்க.

மலை ஏறறது பயமா இருக்கு, மொத தடவ. எங்க போலாம்?

ஏறறதுக்கு பயப்பட வேணாம், பயப்பட வேண்டியது எறங்கறதுக்கு. ஏத்தத்துல வண்டி தானா மெதுவா தான் போகும், தப்பு பண்ணா நின்னு போகும். எறக்கத்துல தப்பு பண்ணா நிக்காது.

முதல் தடவைக்கு ஏலகிரி நல்லது. 14 வளைவு தான், ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல் பேரா வச்சிருப்பாங்க, பசங்க படிச்சுட்டே வருவாங்க, கிருஷ்ணகிரில இருந்து காலைல போய் சாயங்காலம் வந்துடலாம். அடுத்து ஏற்காடு, அடிவாரத்துல இருந்து 20 வளைவு, சனி ஞாயிறு கூட்டம், முடிஞ்சா வார நாள்ல போங்க, குப்பனூர் வழில கூட்டம் கம்மி. 70 வளைவு இருக்கற கொல்லிமலை மூணாவது தடவைக்கு வச்சுக்கோங்க, ஒவ்வொரு வளைவும் இறுக்கமா வரும், பின்னால உக்காந்தவங்களுக்கு கண்டிப்பா தல சுத்தும், வெறும் வயித்துலயும் வேணாம், வயிறு முட்டவும் வேணாம், ரெண்டு இட்லி சாப்டுட்டு ஏறுங்க. அதுக்கு முன்னாடி பழகணும்னா நம்ம வத்தல்மலை பக்கத்துலயே இருக்கு.

எறங்கும்போது எப்படி ஓட்டணும்?

எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க. ரெண்டாவதுல ஏறினா ரெண்டாவதுல எறங்கணும். இன்ஜினே வண்டிய புடிச்சுக்கும், பிரேக்க வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்த கொறச்சுட்டு காலை எடுத்துடணும். கால பிரேக் மேலயே வச்சு தேச்சுட்டே வந்தா சூடாகி பிரேக் புடிக்காம போயிடும்.

எங்க மச்சான் ஒரு தடவ ஏற்காட்ல இருந்து எறங்கும்போது மூணாவது கியர்ல, கால் முழுக்க பிரேக்ல. பாதி வளைவு தாண்டினதும் ரப்பர் பொசுங்கற மாதிரி ஒரு நாத்தம், அம்மா தான் மொதல்ல "என்னமோ கருகுதுடா"ன்னாங்க. ஓரமா எடம் பாத்து நிறுத்தினோம். முன் சக்கரத்துகிட்ட கைய கொண்டு போனா ஒரு சாண் தூரத்துலயே அனல் அடிச்சுது. பெடல் ஸ்பான்ஜ் மாதிரி உள்ள போச்சு. தண்ணி ஊத்தலாம்னு மச்சான் பாட்டில எடுத்தார், நான் விடல, சூடான டிஸ்க்ல தண்ணி ஊத்தினா வளஞ்சுடும். முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்து, ஆறினப்பறம் ரெண்டாவது கியர்ல மீதி எறங்கினோம். அடிவாரம் வர்ற வரைக்கும் வண்டில ஒருத்தரும் பேசல.

நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. தொப்பூர் எறக்கத்துல லாரிங்க அப்படி விட்டு எத்தன உயிர் போயிருக்குன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மிச்சமும் கெடையாது, இப்போ இருக்கற இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல வச்சு ஆக்ஸிலரேட்டர விட்டா பெட்ரோல் கட் ஆயிடும், நியூட்ரல்ல தான் இன்ஜின் ஓட பெட்ரோல் குடிக்கும்.

இன்னொண்ணு, எறங்கறவங்க தான் ஏறறவங்களுக்கு வழி விடணும், 2017 டிரைவிங் விதில இது இருக்கு. வளைவுக்கு முன்னாடி ஆரன் அடிங்க. பஸ் வந்தா முழு வளைவும் அவருக்கு வேணும், முன்னாடியே நின்னுடுங்க.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேணுமாமே?

வேணும். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நடைமுறை, ஆன்லைன்ல எடுக்கலாம், காசு இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6000, சனி ஞாயிறு 8000 வண்டின்னு அளவு வேற வச்சாங்க. வாடகை வண்டில சிக்கல் என்னன்னா, பாஸ் எடுக்க வண்டி நம்பர் வேணும், நம்மாளுங்க வண்டி குடுக்கற அன்னிக்கு தான் எந்த வண்டின்னே சொல்வாங்க. ரெண்டு நாள் முன்னாடியே நம்பர கேட்டு வாங்குங்க, கடைசி நேரத்துல வேற வண்டி குடுத்தா பாஸையும் மாத்தணும்.

சத்தியமங்கலம் வழியா போறவங்க, திம்பம் 27 வளைவு, ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் கார் விட மாட்டாங்க. பந்திப்பூர் காட்டு ரோட்லயும் அதே 9 டு 6. யானை நடமாடற எடம், வண்டிய விட்டு எறங்கி போட்டோ எடுக்காதீங்க.

பீச்ல வண்டிய எறக்கலாமா?

கூடாது. மரக்காணம் தாண்டி ஈசிஆர்ல இருந்து ஒரு மண் பாதை கடலுக்கு போச்சு, கெட்டியா தான் இருந்துச்சு, கடைசி இருபது அடி மணல். முன் சக்கரம் ரெண்டும் நின்ன எடத்துலயே சுத்தி அச்சு வரைக்கும் எறங்கிடுச்சு, ஆக்ஸிலரேட்டர் குடுக்க குடுக்க குழி தான் ஆழமாச்சு. அங்க வல பிரிச்சுட்டு இருந்த அண்ணன்கள் நாலு பேர் வந்து, கையால மணல வாரி, டயர்ல காத்த கொஞ்சம் எறக்கி, காஞ்ச தென்ன மட்டைய சக்கரத்துக்கு முன்னாடி சொருகி, "ரெண்டாவது கியர்ல மெதுவா வுடு"ன்னாங்க. வந்துடுச்சு. காசு குடுத்தா வாங்கல, பசங்களுக்கு சுட்ட மீன் குடுத்து அனுப்பினாங்க. ஆனா எல்லா எடத்துலயும் அப்படி நாலு பேர் இருக்க மாட்டாங்க. பக்கத்துல காத்தடிக்கற எடம் வர்ற வரைக்கும் மெதுவா போகணும்ங்கறதையும் மறக்காதீங்க.

தனுஷ்கோடில 1964 புயலுக்கப்பறம் ரோடே இல்லாம இருந்துச்சு, 2017ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் நல்ல தார் ரோடு. ஆனா காத்துல மணல் ரோட்டு மேல வந்து கெடக்கும், அதுல வேகமா போய் பிரேக் புடிச்சா வழுக்கும். சாயங்காலத்துக்கு மேல உள்ள விட மாட்டாங்க, மதியத்துக்குள்ள போயிடுங்க. கடல் ஊர்ல ரெண்டு நாள் இருந்தா திரும்பும் வழில வாட்டர் வாஷ்ல அடிப்பகுதிய நல்ல தண்ணில அடிச்சுடுங்க, 300, 400 ரூபா ஆகும், உப்பும் மணலும் இருந்தா விடும்போது கேள்வி வரும்.

பாண்டிச்சேரில இருந்து பாட்டில் எடுத்துட்டு வரலாமா?

வேணாம். செக் போஸ்ட்ல புடிச்சா கேஸ், வண்டியும் உள்ள போயிடும். அது இன்னொருத்தர் வண்டி.

டோலுக்கு நம்ம ஃபாஸ்டேக் வருஷ பாஸ் செல்லுமா?

செல்லாது. 2025 ஆகஸ்ட் 15ல வந்த அந்த வருஷ பாஸ் சொந்த உபயோக வண்டிக்கு மட்டும், கறுப்பு போர்டுக்கு கெடையாது. வண்டில ஒட்டியிருக்கற ஃபாஸ்டேக்ல காசு இருக்கான்னு கேட்டு, எவ்ளோ இருக்குன்னு ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கோங்க. பாளையம், ஓமலூர்னு வரிசையா டோல் கேட் வரும், பேலன்ஸ் இல்லன்னா யூபிஐல ஒண்ணேகால் மடங்கு கட்டணும்.

திரும்ப விட்டப்பறம் ஏதாவது பாக்கணுமா?

எடுத்த அதே அளவு பெட்ரோல் போட்டு, பங்க் பில்ல வச்சுக்கோங்க. விடும்போதும் அதே மாதிரி முழு வீடியோ, அவங்க ஆள் பக்கத்துல நிக்கும்போதே எடுங்க. டெபாசிட் எத்தன நாள்ல வரும்னு மெசேஜ்ல கேட்டு பதில் வாங்குங்க. பத்து நாள் கழிச்சு அரசாங்கத்தோட பரிவாகன் தளத்துல அந்த வண்டி நம்பர போட்டு, நாம ஓட்டின தேதில அபராத சலான் ஏதும் விழுந்திருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ஏன்னா மெசேஜ் ஓனர் நம்பருக்கு தான் போகும், அவர் ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்ணும்போது அது நம்ம நாளா, அடுத்து எடுத்தவர் நாளான்னு சொல்ல நம்மகிட்ட தேதி இருக்கணும்.